அரசடிக் கல்

வந்து தொலையவும் மாட்டேன் என்கிறார்கள், வராமல் ஒழியவும் மாட்டேன் என்கிறார்கள். விசாகை முருங்கைக் கொத்தை முறத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். நாலு இலை உதிர்ந்தது, மிச்சமெல்லாம் காம்போடு ஒட்டிக்கொண்டு நின்றது. இதுவும் அவர்களோடு சேர்ந்துகொண்டதா? காலையிலேயே வந்துவிடுவோம், மரத்தடியில் வண்டி கிண்டி எதையும் நிறுத்த வேண்டாம் என்று நேற்று ஆள் விட்டுச் சொன்னவர்கள். இப்போது வெயில் உச்சிக்கு வந்தாகிவிட்டது, பட்டறையில் சாப்பாட்டுச் சங்கு ஊதியாகிவிட்டது, எதிர்வீட்டில் சாப்பிட்டுப் பாத்திரம்கூடக் கழுவியாகிவிட்டது, ஒருத்தரையும் காணோம். மரத்தை வெட்ட வருகிறவனுக்குக்கூட இந்த ஊரில் சொன்ன நேரத்துக்கு வரத் தெரியாது. வராவிட்டால் நல்லதுதானே என்று மனசு ஒரு பக்கம் சொல்லிப் பார்த்தது. என்ன நல்லது? இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, நாளைக்கு இல்லாவிட்டால் அதற்கு மறுநாள். தினமும் இப்படிக் கீரையும் கையுமாக மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? முதுகுக்குப் பின்னால் அரசமரம் சலசலவென்று பேசிக்கொண்டே இருந்தது. காற்று இருக்கிறதோ இல்லையோ, இந்த மரத்துக்கு வாய் ஓயாது; இலை நுனியில் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதால் சின்ன அசைவுக்கும் ஆடும் என்று அப்பா சொல்வார். அடிமரத்தில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. உட்கார்ந்தால் சரியாக அவள் தோள் உயரத்தில். காலையிலிருந்து அதை முதுகால் மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். மறைத்தால் அவர்களுக்கு மரம் தெரியாமல் போய்விடுமா? ரெண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத மரம். ரயில்வேயில் டிக்கெட் கொடுத்தே காலத்தைத் தள்ளி ரிடையரான பொம்பளைக்கு இப்படியும் ஒரு கிறுக்குத்தனம். சே என்று சொல்லிவிட்டு அடுத்த கொத்தை எடுத்தாள், ஆனால் நகர்ந்து உட்காரவில்லை.

எல்லாம் அவளே வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது. அதை நினைத்தால்தான் ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது. போன வாரம் மழைநீர்க் கால்வாய்க்கு அளவெடுக்க அந்த கான்ட்ராக்ட் இன்ஜினியர் வந்தான். நல்ல பையன்தான், பார்த்தால் பாவமாக இருந்தது, சட்டையெல்லாம் வேர்வை. தண்ணீர் கேட்டான், கொடுத்தாள். செம்பைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "மேடம், இது கோயில் மரமா? பூஜை கீஜை ஏதாவது நடக்குதா?" என்று கேட்டான். என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆமாம் தம்பி என்று ரெண்டே ரெண்டு வார்த்தை. இல்லை, ஒன்றுமே சொல்லாமல் சும்மா சிரித்திருக்கலாம். ஆனால் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று காலமெல்லாம் காத்துக்கிடந்தவள் மாதிரி அவள் பாய்ந்துகொண்டு வந்தாள். "இல்லைங்க. இது கோயில் இல்ல. இங்க சாமியே கிடையாது. இது போதி மரம். புத்தர் ஞானம் அடைஞ்சது அரசமரத்தடியில. மரத்த நாங்க கும்புடறதில்ல, அது ஒரு ஞாபகம். நன்றி, அவ்ளோதான்." அதோடு விட்டாளா? மரம் வரம் கொடுக்காது என்றாள். நூல் கட்டுவதெல்லாம் ஜனங்கள் அவர்களாகச் செய்வது என்றாள். இந்தக் கல் ஏன் காலியாக இருக்கிறது தெரியுமா என்று வேறு ஆரம்பித்தாள். அந்தப் பையன் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டான். "ரொம்ப நல்ல விஷயம் மேடம்" என்றான். அப்புறம் பெயின்ட் டப்பாவோடு நின்றவனைத் திரும்பிப் பார்த்து, "கோயில் இல்லப்பா, போட்டுடு" என்றான். போட்டுவிட்டான். தெரு திரும்புகிற இடத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது, கட்டைவிரல் தண்டிக்கு ஆரம்பித்து இப்போதுதான் கொஞ்சம் பெருத்திருக்கிறது. அதற்கு மஞ்சள் துணி சுற்றி அடியில் ஒரு சூலம் நட்டு வைத்திருக்கிறார்கள். கால்வாய்க்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு நேராக வந்து, அந்த வேம்புக்கிட்டே மட்டும் மரியாதையாக வளைந்து சுற்றிக்கொண்டு போகிறது. அப்பா வளர்த்த மரத்துக்கு நேர்க்கோடு. உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு. பஞ்சசீலத்தில் பொய் சொல்லாதே என்று ஒரு சீலம் இருக்கிறது. தேவையில்லாத நேரத்தில் உண்மையைக் கொட்டாதே என்று ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கக் கூடாதா அந்த மனுஷர்?

அப்பாவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார், இன்னும் நீட்டி. அப்பா சாக்கியநாதன், ரயில் பெட்டிப் பட்டறையில் ஃபிட்டர், சாயங்காலம் வீடு வந்து எண்ணெய்க் கையைக் கழுவியதும் நேரே இந்தக் கல்லுக்குத்தான் வருவார். அப்போது மரம் அவர் இடுப்பு உயரம். நிழலே இல்லாத மரத்தடியில் ஒரு மனுஷன் வந்து தினமும் உட்கார்ந்தால் தெரு சிரிக்காதா? சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. அப்பா பிறந்த ஊரில் ஓர் அரசமரம் உண்டு, சுற்றி மேடை கட்டி, ஊர் முழுக்க அங்கேதான் உட்கார்ந்து கதை பேசும். அப்பாவின் ஆட்கள் மட்டும் தள்ளி மண்ணில் நிற்க வேண்டும். காய்ச்சலோடு எங்கிருந்தோ நடந்து வந்த ஒரு நாள், யாரும் இல்லை என்று நினைத்து அந்த மேடையில் உட்கார்ந்துவிட்டார். எந்திரிடா என்றுகூட முதலில் சொல்லவில்லையாம். முதலில் அடி, அப்புறம்தான் எந்திரிடா. இதைச் சொல்லும்போது அப்பாவின் குரல் ஏறாது, இறங்காது. பட்டறையில் ஒரு போல்ட் கழன்றதைச் சொல்கிற மாதிரி சொல்வார். அப்புறம் பட்டணம், பட்டறை, பட்டறையில் பழகிய நண்பர்கள் கூட்டிப்போன புத்த விகாரை. "புத்தர் என்ன பண்ணார்? பெருசா ஒண்ணும் பண்ணல. மரத்தடியில போய் உக்காந்தார். யாரும் அவர எந்திரின்னு சொல்லல. அதுக்காகத்தான் நான் இதுல சேந்தேன்" என்பார். புத்தர் உட்கார்ந்த மரத்தின் வம்சம் என்று சொல்லி, சிலோனிலிருந்து வந்த பிக்கு ஒருவர் பால்பவுடர் டின்னில் கொடுத்த செடி இது. பழைய ரயில் பாலத்துக் கருங்கல் ஒன்றை ஆள் வைத்து உருட்டிக்கொண்டு வந்து செடிக்கு முன்னால் போட்டார். சிலை செய்ய ஆரம்பிக்காத காலத்தில் புத்தரைச் செதுக்க வேண்டிய இடத்தில் ஒரு மரத்தையும் அதன் அடியில் வெறும் ஆசனத்தையும்தான் செதுக்கினார்களாம். புத்தகத்தில் படம் காட்டியிருக்கிறார். "யாரும் உக்காராதப்ப அவர் உக்காந்திருக்கார். யாராவது வந்தா எந்திரிச்சு எடம் குடுத்துடுவார். இந்தக் கல்லுல யார் வேணா உக்காரலாம், அவ்ளோதான் சட்டம்." அப்படித்தான் உட்கார்ந்தார்கள். பூக்காரி உட்கார்ந்தாள், குப்பை வண்டிக்காரர்கள் உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்கள், சாராயக்கடையை மூடியதும் குடித்துவிட்டு வருகிற பெயின்டர் இதில்தான் படுத்துத் தூங்குவான், ஒரு செவலை நாய் குட்டி போட்டு அதன் அடியிலேயே வளர்த்தது. அவளும் இதில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு படித்தாள். அம்மா ஒரு தரம் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டே போகிறபோக்கில் சொன்னது ஒன்று உண்டு. சிலோன் செடியை அந்தக் கோடையிலேயே ஆடு மேய்ந்துவிட்டது, உங்கப்பா யாருக்கும் தெரியாமல் பட்டறைச் சுவரில் முளைத்த கன்று ஒன்றைப் பிடுங்கி வந்து நட்டார் என்று. நிஜமா என்று அவள் அப்பாவைக் கேட்டதேயில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் எல்லா அரசும் அரசுதான் போ என்றிருப்பார். இப்போது அது வந்து நெஞ்சில் முள் மாதிரி நிற்கிறது. புத்தர் உட்கார்ந்த மரத்தின் வம்சம் இல்லை, பட்டறைச் சுவரில் காக்கை எச்சத்தில் முளைத்த ஏதோ ஒன்று என்றால், அதற்காகவா அவள் இந்த வெயிலில் காவல் இருக்கிறாள்? ஆமாம், அதற்காகத்தான். வம்சம் பார்த்தா உட்காரச் சொன்னார் அப்பா?

வம்சம் என்றதும் நூல் ஞாபகம் வந்து இன்னொரு தரம் எரிந்தது. அண்ணாந்து பார்த்தால் தெரியும், மரத்தின் இடுப்பு முழுக்க மஞ்சளும் சிவப்புமாய்க் கயிறு. கிளைகளில் துணிக் கிழிசலில் கட்டின குட்டித் தொட்டில்கள். திங்கட்கிழமை அமாவாசை வந்தால் போதும், எந்தெந்தத் தெருவிலிருந்தோ புதுப் புடவையோடு வந்து சுற்றுகிறார்கள். பிள்ளை வரம், கல்யாண வரம். அவள் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போக முடியாது. சுற்றுகிறவர்கள் குறுக்கே போகாதீங்க என்பார்கள். அவள் வீட்டு வாசலில், அவள் குறுக்கே போகிறாளாம். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமலே இருந்துவிட்டாள் என்பதில் தெருவுக்கு எப்போதும் ஒரு சிரிப்பு. வாசலிலேயே வரம் கொடுக்கிற மரத்தை வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றியிருக்கக் கூடாதா என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. சுற்றியிருந்தால் மட்டும்? மனசுக்குப் பிடித்தவன் ஒருத்தன் இருந்தான், டிக்கெட் கவுன்ட்டரில் பக்கத்து ஜன்னல், வீட்டில் வந்து பேசுகிறேன் என்றான், இன்ன ஆட்கள் என்று தெரிந்ததும் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதற்கு மரம் என்ன செய்யும்? அதைவிடு. சில வருஷம் முன்னால் ஒரு காலையில் எழுந்து வந்து பார்த்தால் கல்லின் நட்டநடுவில் ஒரு பிள்ளையார். கருங்கல் பிள்ளையார், நெற்றியில் குங்குமம், பக்கத்தில் அகல். எங்கே அரசமரத்தைப் பார்த்தாலும் இவர்களுக்குக் கை சும்மா இருக்காது. காலி இடம் என்று ஒன்று இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க இவர்களால் முடியாது. அன்றைக்கு அவள் பட்ட கோபத்தில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையாரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே தெருக்கோடிக் கோயிலுக்கு நடந்து வாசற்படியில் இறக்கிவிட்டு வந்தாள். கனமான கனம், ரெண்டு நாள் இடுப்பு வலித்தது. தெரு அவளோடு பேச்சை நிறுத்தியது. பால்காரன்கூட மணி அடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எதிர்வீட்டுத் தனபாக்கியம் மட்டும் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் இருக்க முடியாத பிறவி என்பதால், தானாக வந்து பேசினாள். அதற்குப் பிறகு யாரும் கல்லில் எதையும் வைக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள் விசாகை. என்னத்தை ஜெயித்தாள்? அன்றைக்கு அந்தப் பிள்ளையாரை அங்கேயே விட்டிருந்தால் இன்றைக்குச் சுண்ணாம்புக் கோடு இங்கேயும் வளைந்திருக்கும்.

பெரிய வண்டிச் சத்தம். கீரைக் காம்பு கையிலேயே முறிந்தது. முனையில் திரும்பியது தண்ணீர் லாரி. ஹாரனை அடித்துக்கொண்டு குடங்களை நோக்கிப் போயிற்று. விசாகைக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இப்படித் தூக்கிவாரிப் போட்டால் மிச்ச நாளை எப்படித் தள்ளுவது? காலையில் விகாரைக்கு போன் செய்தாள். பிக்கு நல்லவர், மெதுவாகப் பேசுகிறவர், அந்த நிதானம்தான் இன்று பிராணனை வாங்கியது. "அநித்தியம் உபாசகி. மரமும் போகும், நாமும் போவோம். பற்றிக்கொள்வதுதான் துக்கம்" என்றார். போகும்தான், யார் இல்லை என்றது? தானாகப் போவது வேறு, மிஷின் வைத்து அறுப்பது வேறு இல்லையா? விகாரையின் மின்விசிறி நின்றுபோனபோது அநித்தியம் என்று அவர் சும்மா இருந்தாரா? அன்றைக்கே ஆள் விட்டு உபாசகர்களைக் கூப்பிட்டார். கேட்டிருக்கலாம், வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, சரிங்க பந்தே என்று வைத்துவிட்டாள். பற்று, பற்று என்கிறார். புத்தர் ஞானம் அடைந்த பிறகு என்ன செய்தார்? நேரே எழுந்து போதிக்கப் போனாரா? ஒரு வாரம் முழுக்க, தள்ளி நின்று அந்த மரத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றாராம். நிழல் கொடுத்ததற்கு நன்றியாக. அந்தக் கதையைச் சொன்னதும் இதே பிக்குதான். அது பற்று இல்லையா? இல்லை, அது நன்றி. அப்படியானால் தன்னுடையது எது? நன்றி என்றால் இப்படிக் கீரையும் கையுமாகக் காவல் இருக்குமா, தண்ணீர் லாரிக்கெல்லாம் பயப்படுமா? சரி, பற்றுதான். பற்றாகவே இருந்துவிட்டுப் போகட்டும். மரம் போனால் என்ன ஆகும் என்று கண்ணை மூடிப் பார்த்தாள். வாசலில் ஒரேயடியாய் வெளிச்சம் தெரிந்தது. வெளுத்த, கூசுகிற வெளிச்சம். அதற்கு நடுவில் கருங்கல் தோசைக்கல் மாதிரிக் காய்ந்துகொண்டிருக்கிறது, நாய்கூட அண்டவில்லை. கண்ணைத் திறந்துவிட்டாள். அதற்குத் தனபாக்கியம் நேற்றுச் சாயங்காலம் சொன்னது எவ்வளவோ தேவலை என்று தோன்றியது. தோன்றியதும் அப்பாவின் முகமும் கூடவே வந்து நின்றது.

தனபாக்கியம் நேற்றுச் சொன்னது இதுதான்: கல்லின்மேல் பிள்ளையாரை வைத்துவிடலாம், சாமி இருக்கிற மரத்தில் எவனும் கை வைக்க மாட்டான். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள் விசாகை. இப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தனபாக்கியம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஈரத் துண்டில் சுற்றிய எதையோ வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, தெருவைக் குறுக்கே கடந்து வந்தாள். துண்டின் ஓரத்தில் ஒரு கல் தும்பிக்கை எட்டிப் பார்த்தது. புத்தரின் தியானத்தைக் கலைக்க மாரன் தன் மகள்களை அனுப்பினானாம். ஆடிப் பாடுகிற மகள்கள். தனக்கு அனுப்பியிருப்பது மூட்டுவலித் தனபாக்கியத்தை என்று விசாகைக்குச் சிரிப்புகூட வரப்பார்த்தது. "யக்கா, வண்டி பாலத்தாண்ட வந்துட்ச்சாம். எங்க வூட்டுக்காரு ஆட்டோல வரசொல்ல பாத்துட்டு போன் பண்ணாரு. மிஷினு, கிரேனு எல்லாம் வருதாம். இன்னா சொல்ற?" என்றாள் மூச்சு வாங்க. விசாகை துண்டையே பார்த்தாள். "இத எங்க புடிச்ச?" "அதே புள்ளாருதாங்க்கா. நீ கோயில்ல வுட்டுட்டு வந்தியே. பூசாரி வேணான்ட்டாரு, இன்னொரு புள்ளாரு எதுக்குன்னு. ரோட்ல வுட்டுட முடியுமா? எங்க மாடிப்படிக்குக் கீழதான் வெச்சிருந்தேன்." இத்தனை வருஷம் எதிர்வீட்டு மாடிப்படிக்குக் கீழே துடைப்பத்தோடு துடைப்பமாக இருந்திருக்கிறார் பாவம். அவருக்கும் உட்கார இடமில்லை. இது என்ன நேரங்கெட்ட நேரத்தில் பிள்ளையார்மேல் பரிதாபம் என்று விசாகை தன்னையே அதட்டினாள். "ராவோட ராவா நீயே வெச்சிருக்கலாமே, என்னை எதுக்குக் கேக்கற?" "வெச்சிருக்கலாம். ஒன் மரம் இல்லியா? ஒங்கப்பா தண்ணி ஊத்துனது. நீ சொன்னாதான் வெப்பேன், இல்லாங்காட்டி தூக்கினு போய்டுவேன்." இதுதான் கொலை. திருட்டுத்தனமாக வைத்திருந்தால் கத்தியிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், மனசுக்குள் நன்றியும் சொல்லியிருக்கலாம். இப்படி வந்து கேட்டால்? "வெச்சா அப்புறம் யாரும் இந்தக் கல்லுல உக்கார முடியாது தனபாக்கியம்." "ஏன் முடியாது? சுத்தி உக்காரட்டும்." "கல்லு மேல?" "கல்லு மேல எப்டிக்கா, சாமி இருக்கசொல்ல?" தனபாக்கியத்துக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. பிள்ளையாரின் கனத்தை ஓர் இடுப்பிலிருந்து இன்னோர் இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "மரமே இல்லாங்காட்டி கல்லு மேல உக்காந்து இன்னா பண்ணப்போற? வெயில்ல வேவப்போற. எம்பொண்ணு தொட்டில் கட்ன மரம்க்கா இது. வெட்டசொல்ல நான் ஊட்டுக்குள்ள போய் கதவ சாத்திக்குவேன், சொல்லிட்டேன்." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அந்தப் பெண் நாலு தரம் கரு கலைந்து, ஐந்தாவது தங்கி, இப்போது அந்தக் குழந்தை இந்த மரத்தடியில்தான் மண் தின்கிறது. மரம் கொடுத்தது இல்லை என்று விசாகை அதனிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

முனையில் சத்தம் கேட்டது. இது தண்ணீர் லாரி இல்லை. மஞ்சள் கிரேன் தெருவை அடைத்துக்கொண்டு திரும்ப, அதன் பின்னால் ஒரு லாரி, லாரியில் ஆட்கள், கயிறு, மிஷின். முறம் மடியிலிருந்து சரிந்து கீரை மண்ணில் கொட்டியது. விசாகை எழுந்துவிட்டாள். ஏன் எழுந்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கால் தானாக எழுந்தது. அப்பா, நீங்க சொல்லுங்க. மரமா, காலிக் கல்லா? ரெண்டும் ஒன்று என்றுதானே சொல்லிக்கொடுத்தீர்கள், இப்போது ஒன்றை எடுத்துக்கொள் என்கிறார்களே. ஒரு கல்லின் மேல் ஒரு கல்லை வைப்பதில் என்ன பொய் இருக்கிறது? இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. கோயில் இல்லை என்று சொன்ன அதே வாயால் இனி பேசாமல் இருக்க வேண்டும், அதுவும் பொய்தான். எந்திரிடா என்று சொல்கிற இடம் ஒன்றை அப்பாவின் வீட்டு வாசலிலேயே கட்டிக் கொடுத்தது போல ஆகிவிடும். ஆகட்டுமா? மரம் உயிர். அடியிலிருந்து நுனி வரைக்கும் எறும்பும் அணிலும் காக்கையும் குடியிருக்கிற உயிர். கொல்லாதே என்பது முதல் சீலம், பொய் சொல்லாதே என்பது அதற்குப் பின்னால்தான் வருகிறது. வரிசையைப் பார்த்துத் தப்பித்துக்கொள்கிறாயா விசாகை? ஆமாம், தப்பித்துக்கொள்கிறேன், இப்போது என்ன? என்ன கண்றாவி இது, ஒரு மரத்தை மரமாக நிற்க விட யாருக்கும் மனசு வராதா, ஒருத்தனுக்கு அது கால்வாய்க்குக் குறுக்கே, ஒருத்திக்கு அது தொட்டில், பிக்குவுக்கு அது பாடம், எனக்கு மட்டும் என்ன, எனக்கு அது அப்பா. கிரேன் உறுமிக்கொண்டு நின்றது. "கொண்டா இப்படி" என்று அவள் தனபாக்கியத்தின் கையிலிருந்து பிள்ளையாரைப் பிடுங்கினாள். அதே கனம். கல்லின் நடுவில் வைத்தாள். அவசரத்தில் அவர் ஒருக்களித்து உட்கார்ந்தார். "கெழக்கப் பாத்து வைக்கா, யாராவது புள்ளார தெக்கப் பாத்து வெப்பாங்களா" என்று தனபாக்கியம் பதறிக்கொண்டு திருப்பி வைத்து, முந்தானை முடிச்சிலிருந்து குங்குமத்தை எடுத்து அப்பினாள்.

லாரியிலிருந்து குதித்தவர்களில் முதலாவதாக வந்தவன் மரம் அறுக்கிற மிஷினைத் தோளில் சாய்த்திருந்தான். நடுவயசு, கறுத்து மெலிந்தவன், முழங்கை வரைக்கும் மரத்தூள் படிந்த தழும்புகள். கல்லைப் பார்த்தான், நின்றான். மிஷினை மெதுவாக இறக்கித் தரையில் வைத்தான், செருப்பைக் கழற்றினான், கன்னத்தில் போட்டுக்கொண்டான். "யோவ், மேஸ்திரி, இங்க புள்ளாரு கீறாரு" என்று திரும்பிக் கத்தினான். மேஸ்திரி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பிள்ளையாரைப் பார்த்தான், ஈரம் காயாத குங்குமத்தைப் பார்த்தான், விசாகையைப் பார்த்தான். எல்லாம் புரிந்த பார்வைதான். போனை எடுத்தான். "சார், இல்லன்னீங்க, இங்க சாமி இருக்குது சார்... எனக்கு இன்னா தெரியும் சார், இருக்குது... பசங்க கை வெக்க மாட்டேன்றானுங்க... சரி சார், வளச்சுக்கலாம் சார்." அவ்வளவுதான். அத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் முடிந்துபோயிற்று. கிரேன் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. தனபாக்கியம் கையைத் தட்டிக் கும்பிட்டு எதையோ முணுமுணுத்தாள், மாடியிலிருந்து யாரோ கற்பூரம் கொண்டு வரட்டுமா என்று கேட்டார்கள். மரம் இதெல்லாம் தனக்கு சம்பந்தமில்லை என்பது போலத் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. விசாகைக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்தான் இருட்டிக்கொண்டு வந்தது, காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையைப் பின்னால் நீட்டிக் கல்லைத் தடவி, பிள்ளையாருக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அம்மா, அம்மா, அங்க உக்காராதீங்க" என்று மிஷின்காரன் பதறிக்கொண்டு ஓடிவந்தான். கெட்டவன் இல்லை, குரலில் அக்கறைதான் இருந்தது. "எந்திரிங்கம்மா. சாமி எடம்."

விசாகை அவனை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இத்தனை நாள் சேர்ந்த கடுப்பு மொத்தமும் ஒரே இடத்தில் வந்து நின்று தெளிந்துவிட்டது.

"சாமி இப்பதான்பா வந்துச்சு. நான் பொறந்ததுலேர்ந்து இங்கதான் உக்காந்திருக்கேன். அவரக் கொஞ்சம் நகந்து உக்காரச் சொல்லு."

தனபாக்கியம் அவளைப் பார்த்தாள், பிள்ளையாரைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து, "கோச்சுக்காதப்பா" என்று அவர் காதோரம் சொல்லிவிட்டு, ரெண்டு கையாலும் பிடித்துக் கல்லின் அந்த ஓரத்துக்குத் தள்ளிவைத்தாள். நடுவில் நல்ல இடம் கிடைத்தது. விசாகை முதுகை மரத்தில் சாய்த்து வசதியாக உட்கார்ந்தாள். இன்னும் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம்.

"நீயும் உக்காரு. வெயில்ல வந்திருக்கே" என்றாள் மிஷின்காரனிடம்.

"ஐயோ, நான் எப்டிம்மா?"

"உக்காருன்றேன்ல!"

அவள் போட்ட சத்தத்தில் மேஸ்திரிகூடத் திரும்பிப் பார்த்தான். மிஷின்காரன் வேட்டி ஓரத்தால் கையைத் துடைத்தான், சுற்றியும் ஒரு தரம் பார்த்துக்கொண்டான். பிறகு கல்லின் விளிம்பில், எந்த நிமிஷமும் எழுந்துவிடத் தயாராக, பாதி உட்கார்ந்தான்.